தளவானூர் மைப்படி

மார்கழி மாதம். மணி பத்தரை ஆகியும் ராஜகிரி மலையைப் பனி விடவில்லை. கோட்டையின் மேல்பாதி மட்டும் தனியாக மிதந்தது. அந்தப் பனிக்குள்ளிருந்துதான் அவள் வந்தாள். செஞ்சிக் கடைத்தெருவில், தாண்டவராயனின் போட்டோ ஸ்டுடியோ வாசலில் நின்றாள்.

"போட்டோவா?" என்றாள் ரஞ்சிதம். தாண்டவராயனின் தங்கை. ஊரில் எது காணாமல் போனாலும் தேடிக் கொடுப்பவன் அவன்; அண்ணனுக்கு முன்பே இவள் கிளம்பிவிடுவாள்.

"இல்லக்கா. திருட்டு."

ரஞ்சிதம் போட்டோவுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்த தூரிகையைக் கீழே வைத்தாள்.

பெயர் ஆதிலட்சுமி. அனந்தபுரத்துப் பெண். சென்னையில் சரித்திர ஆராய்ச்சி மாணவி. செஞ்சிப் பள்ளிக்கூடத்தில் நடக்கும் மாநாட்டில் இன்று மூன்று மணிக்கு அவள் கட்டுரை படிக்க வேண்டும். தளவானூர்ப் பாறை ஒன்றிலிருந்து எடுத்த மைப்படியைக் காணோம்.

"மைப்படின்னா இன்னா?" என்றாள் ரஞ்சிதம்.

"கல்வெட்டு மேல ஈரத்தாளை வெச்சு பிரஷ்ஷால தட்டுவோம். தாள் எழுத்துக்குள்ள எறங்கும். மேல மையை ஒத்தினா, கருப்புல வெள்ளையா எழுத்து நிக்கும்."

"அது இல்லாம பேச முடியாதா?" என்றான் தாண்டவராயன்.

"யாரு சார் நம்புவாங்க? இன்னிக்கு சரியா பேசலன்னா அடுத்த வருஷம் ஆராய்ச்சியில எனக்கு எடம் கெடையாது. மாநாட்டுத் தலைவர்தான் அதை முடிவு பண்றவரு. நைனா ஊட்டுக்கு வந்துடுன்னுட்டாரு."

"யார் மேல சந்தேகம்?"

"பேராசிரியர் சொக்கலிங்கம். அதே பாறையப் பத்தி அவரும் எழுதுறாரு. நேத்து 'கொஞ்சம் காட்டும்மா'ன்னாரு. சாப்பாட்டுலயும் பக்கத்துல வந்து உக்காந்தாரு. நான் எலையோட எழுந்துட்டேன்."

"பாதி சாப்பாட்டுலயா?" ரஞ்சிதத்துக்குச் சிரிப்பு வந்தது.

"எங்க வெச்சீங்க?" என்றான் தாண்டவராயன்.

"ஆபீஸ் ரூம்ல. எழுத்து உள்ள போற மாதிரி சுருட்டி, அங்க இருந்த வெள்ளைத்தாள் சுருளுங்களோட நிறுத்திட்டேன். காலைல எல்லாத்தையும் பிரிச்சுப் பாத்துட்டேன். என்னுது மட்டும் இல்ல."

மூவரும் நடந்தார்கள். தெருவில் எதிரே வருபவர்கள் முதலில் குரலாக வந்தார்கள், பிறகு ஆளாக.

"அண்ணா, பேராசிரியர் பெட்டியத் தொறந்துடலாம்."

"தொறந்தா நம்மளத்தான் உள்ள வைப்பாங்க."

சொக்கலிங்கம் பள்ளித் தாழ்வாரத்தில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தார். கேட்டதும் டம்ளரை வைத்துவிட்டார்.

"காணோமா? ஐயோ. எங்கிட்ட அந்தப் பாறையோட பழைய படி ஒண்ணு இருக்குது. ரெண்டையும் வெச்சுப் பாக்கலாம்னு நெனச்சேன். அந்தப் பொண்ணு என்னைக் கண்டாலே ஓடுது."

ஆதிலட்சுமி தூணைப் பார்த்தாள்.

ரஞ்சிதம் அதற்குள் நிகழ்ச்சிப் பலகைக்குப் போய்விட்டாள். பெரிய தாளில் நீல மையால் இன்றைய நிகழ்ச்சிகள்.

"அண்ணா, இன்னா எழுத்து இது? கள்ளு குடிச்சவன் கை மாதிரி!"

"கை என்னுதுதாம்மா," என்றார் பின்னால் நின்ற ஓவிய ஆசிரியர் ராஜாராம். "தாளைச் சொல்லு. மேடும் பள்ளமும், பேனா குதிக்குது. காத்தால அவசரத்துல ஆபீஸ் ரூம்ல உருவிக்கிட்டு வந்தேன். பின்னாடி பாக்கக்கூட நேரமில்ல."

தாண்டவராயன் ஆதிலட்சுமி பக்கம் திரும்பினான். "இந்தப் பலகையை நீங்க பாத்தீங்களா?"

"இல்ல சார். இங்க எப்பவும் கும்பல். எங்கிட்டத்தான் அச்சடிச்ச அட்டை இருக்குதே. கடைசி பெஞ்சுலயே உக்காந்திருந்தேன்."

"மைப்படின்னு தெரியாதபடி வெச்சது நீங்க. அப்ப மைப்படிக்கு வந்தவன் அதை எடுத்திருக்க மாட்டான். வெள்ளைத்தாளுக்கு வந்தவன்தான் எடுத்திருக்கணும். புதுத்தாள்ல பேனா வழுக்கிட்டுப் போகும். கல்லு மேல அடிவாங்கின தாள்லதான் குதிக்கும்."

குண்டூசிகளைக் கழற்றித் தாளைத் திருப்பினான். கருப்பு. அதில் ஆயிரத்து முந்நூறு வருஷத்து எழுத்துகள், தூக்கத்தில் விழித்த கண்கள்போல வெள்ளையாக. நீல மை ஓரிரு இடத்தில் ஊறியிருந்தது. எழுத்தைத் தொடவில்லை.

ராஜாராம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அழுவாதீங்க. நேரமில்ல," என்றான் தாண்டவராயன், கண் கலங்கிய ஆதிலட்சுமியிடம். மறுபடி தாளைத் திருப்பிக் காட்டினான். "மத்தியானம் எல்லாரும் மண்டகப்பட்டுக் குகைக்கோயில் பாக்கப் போறாங்களாம். நிகழ்ச்சிய மாத்திட்டாங்க. உங்க பேச்சு மூணு மணிக்கு இல்ல. பதினொண்ணரைக்கு."

சுவர்க்கடிகாரத்தில் பதினொன்று இருபத்தெட்டு.

அவள் படித்தாள். முதல் பக்கம் யாருக்கும் கேட்கவில்லை. இரண்டாவது கேட்டது. முடித்ததும் சொக்கலிங்கம் எழுந்தார்.

"நாலாவது வரியில மூணு எழுத்தை விட்டுட்டியேம்மா?"

அவள் ஜன்னலைப் பார்த்தாள். பனி உள்ளே வரப் பார்த்தது.

"தேஞ்சிருக்குதுங்க. எனக்குத் தெரியல. உங்க படியக் கொஞ்சம் காட்டுறீங்களா ஐயா?"

அவர் ஏற்கெனவே சுருளோடு இறங்கிக்கொண்டிருந்தார். இரண்டு தாள்களும் மேசையில் விரிந்தன. பெஞ்சுகள் காலியாகி, எல்லாத் தலைகளும் அங்கே குனிந்தன. அரைமணி போனது. ஒரு எழுத்து கூடப் பிடிபடவில்லை. ஒருவருக்கும் பசிக்கவில்லை.

மாநாட்டுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "இந்த மூணு எழுத்துக்கு எவ்வளவு நாள் வேணும்?"

"ஒரு வருஷமாவது ஆகுங்க," என்றாள் ஆதிலட்சுமி.

"சரி, எழுதிக்கிறேன்," என்று அவர் பேனாவைத் திறந்தார்.