மாப்பிள்ளையின் கறுப்பு ஃப்ரேம்

காலை 5.20. திருத்தணி மலைப்பாதையில் ஒரு கல்யாணச் சத்திரம். குளித்துவிட்டு அறைக்கு வந்த மாப்பிள்ளை பிரேம்குமார் ஜன்னல் விளிம்பைத் தடவினான். கண்ணாடி இல்லை. கட்டிலுக்கடியில் மண்டியிட்டுத் துழாவினான். அங்கேயும் இல்லை.

காலை 5.45. சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தவன், எதிரே தெரிந்த பட்டுப்புடவையிடம், "அனிதா, என் கண்ணாடி காணோம்" என்றான். அது அனிதா இல்லை, அவள் தங்கை. கூடமே சிரித்தது. பெண்ணின் தாய்மாமன் வீரபத்திரன் மட்டும் சிரிக்கவில்லை.

"கட்டிக்கப்போறவளையே தெர்லியா? கண்ணு இவ்ளோ மோசம்னு ஒருத்தராவது சொன்னீங்களா? ஏழரைக்கு முகூர்த்தம். அதுக்குள்ள கண்ணாடி வரணும். இல்லன்னா பொண்ணைக் கூட்டிகினு போய்க்கினே இருப்போம்."

காலை 6.05. அக்காள் புருஷன் முருகவேலின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து, மலையடிவாரத்துக் கண்ணாடிக் கடைக்கு ஓடிவந்தான் பிரேம்குமார். கடைக்காரி சுஜாதா மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.

"வேற ஒண்ணு குடுங்கக்கா, எப்படியாவது!"

"உன்னுது மைனஸ் ஒன்பது. லென்ஸ் சென்னையிலேர்ந்து வரவே மூணு நாள் ஆவும்பா."

அவன் படியிலேயே உட்கார்ந்து அழுதான். கல்யாண மாப்பிள்ளை அழுதால் பார்க்கச் சகிக்குமா? சுஜாதா கடையைப் பூட்டிவிட்டுச் சத்திரத்துக்குக் கிளம்பினாள்.

அவள்தான் அந்த ஃப்ரேமைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவள். பத்து நாளைக்கு முன் அப்பாவும் பிள்ளையும் வந்து இரண்டு மணி நேரம் கடையைப் புரட்டினார்கள். பெரிய ஃப்ரேம்தான் ஸ்டைல் என்று பிள்ளை ஒற்றைக்காலில் நின்றான். இந்தப் பவருக்குப் பெரிய ஃப்ரேம் போட்டால் லென்ஸ் ஓரம் சோடா பாட்டில் அடியாய்த் துருத்தும், உன் வட்ட முகத்துக்குக் கோணம் வைத்த சின்னக் கறுப்புதான் எடுப்பு என்று சுஜாதா ஒப்புக்கொள்ள வைத்தாள். அப்பா ராஜவேலு பொதட்டூர்பேட்டை நெசவாளி. ஒவ்வொரு ஃப்ரேமையும் முகத்தோடு ஒட்டிப் பிடித்து, கீறல் இருக்கிறதா என்று பார்த்தார். உங்களுக்கும் டெஸ்ட் பண்ணட்டுமா என்று கேட்டதற்கு, "இழை அறுந்தா இன்னிக்கும் நான்தாம்மா புடிப்பேன். எனக்கு எதுக்கு?" என்று சிரித்தார்.

காலை 6.30. சத்திரத்தில் மாப்பிள்ளைத் தோழன் உதயாவைத் தூணோரம் நிறுத்தி வைத்திருந்தார்கள். ஐந்து மணிக்கு மேல் மாப்பிள்ளை அறைக்குப் போனவர்கள் மூன்றே பேர்: உதயா, முருகவேல், ராஜவேலு. மற்ற இருவரும் சொந்தம் என்பதால் பழி உதயா தலையில் விழுந்தது. வீரபத்திரன் போலீஸுக்குப் போன் போடத் தயாராக நின்றார்.

"எதுக்குப் போன உதயா?" சுஜாதா கேட்டாள்.

"வேட்டி எடுக்கக்கா. எங்கம்மா மேல சத்தியமா நான் தொடல."

"நீங்க, முருகவேல்?"

"சார்ஜர் எடுத்தேன். நேத்து சாயங்காலம் போட்டுகினு செல்ஃபி எடுத்தது நெசம். காலைல தொடல."

அவரும் மாமனார் ராஜவேலுவும் அன்று விடியற்காலையில்தான் மலையில் மொட்டை போட்டு வந்திருந்தார்கள். கல்யாணத்தன்றைக்கே மொட்டையா என்று சம்பந்தி வீட்டார் முணுமுணுத்தும், வேண்டுதல் என்று சொல்லிவிட்டார் ராஜவேலு. பைக்கில் அலைந்தும் முருகவேல் தலையில் சந்தனம் பூசினபடியே இருந்தது.

ராஜவேலு மூலையில் உட்கார்ந்து, தாலிக்கயிற்றில் விழுந்த சிக்கலை மூக்கருகே வைத்துப் பிரித்துக்கொண்டிருந்தார். அவர் சந்தனம் காதோரம் கொஞ்சம் கலைந்திருந்தது. சுஜாதா நாலடி தள்ளி நின்றாள்.

"யாரும்மா அது?"

"கண்ணாடிக் கடை சுஜாதாங்க."

"ஆங், வாம்மா, வா."

"காலைல ரூமுக்குப் போனீங்களா?"

"திருநீறு எடுக்கப் போனேன். கண்ணாடியை நான் பாக்கவேயில்ல."

காலை 7.05. சுஜாதா உதயாவைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் இந்தக் கல்யாணமே நிற்கலாம். சொல்லாவிட்டால் உதயா ஸ்டேஷனுக்குப் போவான். பாவம், வேட்டி எடுக்கப் போனவன்.

"போனை வைங்கண்ணா. எடுத்தது மாப்பிள்ளையோட நைனா."

எல்லாரும் ராஜவேலு பக்கம் திரும்பினார்கள்.

"மொட்டைத் தலையில ஈரச் சந்தனத்தோட கண்ணாடி போட்டா என்ன ஆவும்? காதுக்கு மேல ரெண்டு பக்கமும் கோடு விழும். இவர் தலையைப் பாருங்க, ரெண்டு பக்கமும் ஒரே அளவுல தேஞ்சிருக்கு. விரல் பட்டா இவ்ளோ நேரா வராது. முருகவேல் தலையில ஒரு கீறல்கூட இல்ல. உதயாவுக்குத் தலை நிறைய முடி. திருடிப் போறவன் எதுக்குப் போட்டுப் பாக்கறான்? பார்வை குறைஞ்சவர்தான் போடுவார். பெரியவருக்கும் பையனோட அதே கண்ணுங்க. கிட்டத்துல இழையே தெரியும், நாலடி தள்ளி ஆள் தெரியாது. தறியில உக்காந்தவரு, அதனால யாருக்கும் சந்தேகமே வரல."

ராஜவேலு மடியிலிருந்து கண்ணாடியை எடுத்தார்.

"வாசல்ல ஃபிளெக்ஸ் கட்டியிருக்காங்க. மாப்பிள்ளை ஹீரோ மாதிரி கீறான்னு ஊரே சொல்லுது. எனக்கு வெறும் கலர்தான் தெர்து. ஒரு தரம் பாத்துட்டு வெச்சிரலாம்னு எடுத்தேன். அதுக்குள்ள அவன் குளிச்சிட்டு வந்துட்டான். இது வம்சத்துக் கண்ணுன்னு தெரிஞ்சா சம்பந்தம் போயிடும்னு வாயே வரல. உதயா, மன்னிச்சுடுப்பா."

"அப்பனுக்கும் இதே கண்ணா? நாளைக்குப் பொறக்கற கொழந்தைக்கு?" வீரபத்திரன் துண்டை உதறித் தோளில் போட்டார். "கெளம்புங்க எல்லாரும்!"

"நில்லுங்க மாமா." அறை வாசலில் அனிதா. "எனக்கு மைனஸ் நாலு. இப்பவும் கண்ணுக்குள்ள லென்ஸ் போட்டுகினுதான் நிக்கறேன். மாப்பிள்ளை வீட்டுல மூச்சு விடாதேன்னு வாங்கிக் குடுத்ததே நீங்கதானே?"

வீரபத்திரன் தோள் துண்டை எடுத்து நாற்காலியில் போட்டு, அதன்மேலேயே உட்கார்ந்தார். பிரேம்குமார் கண்ணீரோடு சிரித்துவிட்டான்.

காலை 7.30. மணவறையில் பிரேம்குமார் கண்ணாடியைக் கழற்றி அப்பாவுக்கு மாட்டினான். "நீ பாரு நைனா. முடிச்சு போடற தூரம் எனக்குத் தெரியும்."

அவன் அனிதாவின் கழுத்தருகே முகத்தைக் கொண்டுபோனான். கெட்டிமேளம் முழங்கியது. வீடியோக்காரர் குறுக்கே வந்து நின்றார்.

"யோவ்!" ராஜவேலு கத்தினார். "நகருய்யா அந்தாண்ட! என் புள்ளைய மறைக்காத!"