ஆளுக்கு ஒரு கிளிஞ்சல்

அன்று காலையிலிருந்தே பூவாயிக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டுக்கும் தெருமுனைக்கும் பத்துத் தடவை ஓடிவிட்டாள்.

"அம்மா, முசே வந்துட்டாரு!"

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட அந்த நாளில், புதுச்சேரிப் பக்கம் கால்சட்டை போட்ட பெரிய மனிதர் எல்லோரும் 'முசே'தான். வந்தவர் பஸ் முதலாளியின் குமாஸ்தா தனிஸ்லாஸ்.

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் பஸ், தவளக்குப்பம் தாண்டினால் இவர்களுடைய சங்குமேட்டுக்குப்பத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காது. பூவாயியின் அம்மா கன்னியம்மாள் மீன்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு புதுச்சேரிச் சந்தைக்கு நடந்தே போவாள். வெயில் ஏறினால் மீன் கெட்டுவிடும். போன வாரம் பாதிக் கூடையை வழியிலேயே கொட்டிவிட்டு, கொப்புளம் வெடித்த பாதத்தோடு திரும்பினாள். அன்றைக்குப் பூவாயிக்குச் சோறே இறங்கவில்லை.

"குப்பத்துல இருநூறு பேரு இருந்தாத்தான் பஸ் நிக்கும். இது முதலாளி சொன்னது" என்ற தனிஸ்லாஸ், நோட்டைத் திறந்து விரலை நீட்டினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு..."

அவ்வளவுதான்! தாய்மார்கள் பிள்ளைகளை வாரிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். படபடவென்று கதவுகள் சாத்திக்கொண்டன.

"புள்ளைங்கள எண்ணாதீங்க முசே! கண்ணு பட்டுடும்!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

ஆண்களோ கடலுக்குப் போயிருந்தார்கள். தெருவில் மிஞ்சியது ஒன்பது பேர். அதில் இரண்டு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

தனிஸ்லாஸ் கடிகாரத்தைப் பார்த்தார். "ஒம்போது பேருக்கு ஒரு பஸ்ஸா? நான் கெளம்புறேன்."

பூவாயி மூடிய கதவுகளைப் பார்த்தாள். கதவைத் தட்டிச் சண்டை போடலாமா? வேண்டாம். தம்பி முத்துவை எண்ணினால் அம்மாவுக்கும்தான் பயம். வேறு என்ன செய்வது? முசே விறுவிறுவென்று நடக்க, இவள் பின்னாலேயே ஓடினாள். காலில் ஏதோ குத்தியது. குனிந்து எடுத்தாள். கிளிஞ்சல்!

"முசே, முசே! ஆளை எண்ண வேணாம். கிளிஞ்சல எண்ணுவீங்களா?"

"இன்னா சொல்ற நீ?"

"வீட்டுல எத்தினி பேரோ, அத்தினி கிளிஞ்சல் கூடையில போடட்டும். கிளிஞ்சலுக்குக் கண்ணு படாது இல்ல?"

தனிஸ்லாஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, ஓடு. அரை மணி நேரந்தான்!"

பூவாயி அம்மாவின் கூடையோடு வீடு வீடாகப் பறந்தாள். இப்போது கதவுகள் திறந்தன. கடலுக்குப் போனவருக்கு ஒன்று, தூளியில் கிடப்பவனுக்கு ஒன்று என்று கிளிஞ்சல்கள் விழுந்தன.

தனிஸ்லாஸ் மணலில் உட்கார்ந்து எண்ணி முடித்தார். "இருநூறு!"

குப்பமே கூச்சல் போட்டது. எல்லோரையும்விட உயரமாகக் குதித்தவன் முத்து. "நம்ம ஆடும் பஸ்ஸுல போவும்! அதுக்கும் ஒண்ணு போட்டுட்டேன்!"

கூச்சல் சட்டென்று அடங்கியது. பூவாயி தம்பியை முறைத்தாள். பிறகு கூடையிலிருந்து ஒரு கிளிஞ்சலைத் தானே வெளியே எடுத்தாள்.

"நூத்தித் தொண்ணூத்தொம்போது" என்றார் தனிஸ்லாஸ். அவருக்கும் வருத்தம்தான். "முதலாளி ஒத்துக்க மாட்டாரும்மா."

பூவாயியின் கண்கள் கூட்டத்தில் இங்கும் அங்கும் அலைந்தன. செல்வாம்பாள் அக்காவிடம் வந்து நின்றன. அவளுக்கு நிறைமாத வயிறு.

"முசே, பஸ் எப்போலேர்ந்து நிக்கும்?"

"அடுத்த மாசம் மொத தேதி."

பூவாயி ஓடிப்போய் ஆட்டின் கிளிஞ்சலை அக்காவின் கையில் திணித்தாள். "இத நீ போடுக்கா. அதுக்குள்ள உன் புள்ள வந்துடும்ல?"

செல்வாம்பாள் வெட்கத்தோடு போட்டாள். தனிஸ்லாஸ் நோட்டில் இருநூறு என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டார்.

அடுத்த மாதம் முதல் தேதி, புழுதி பறக்க வந்த பஸ் நின்றே விட்டது. மீன்கூடை பஸ்ஸின் உச்சியில் ஏறியது. அம்மா உள்ளே ஏறினாள். வேடிக்கை பார்க்க வந்த செல்வாம்பாளின் கையில் குட்டிப் பையன் தூங்கினான்.

"எத்தினி பேரு ஏறுறீங்க? ஒண்ணு, ரெண்டு..." என்று கண்டக்டர் விரலை நீட்டினார்.

செல்வாம்பாள் அவசரமாக முந்தானையால் குழந்தையை மூடினாள். பூவாயி பாவாடை மடிப்பிலிருந்து ஒரு கை கிளிஞ்சலை அள்ளி நீட்டினாள்.

"இந்தாண்ணே, இத எண்ணிக்கோ!"