மூன்றாவது பெட்டி

கணக்கு உதைத்தது. எழிலரசி மடிக்கணினியை இன்னும் அருகில் இழுத்துக்கொண்டாள். முயலின் ரத்தத்தில் ஏற்றிய கதிரியக்க மருந்து ஈரலுக்குள் போகும், அங்கிருந்து மறுபடி ரத்தத்துக்கே வரும். அதற்காக அவள் திரையில் வரைந்திருந்தது இரண்டே பெட்டிகள்: ரத்தம் ஒன்று, ஈரல் ஒன்று. ஈரலை விட்டுக் கிளம்பியதில் ஒரு பங்கு ரத்தத்துக்கு வந்து சேரவே இல்லை.

அன்று பௌர்ணமி. அடி அண்ணாமலையில் அவர்கள் வீட்டையொட்டிய சாலையில் பொழுது சாய்ந்ததிலிருந்தே கிரிவலக் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. வெறுங்கால்கள் தாரில் உரசும் ஓசையும், கற்பூர வாசனையும், வறுத்த கடலையின் புகையும் ஜன்னல் வழியே வந்தபடி இருக்க, அத்தனைக்கும் அடியில் வேறொரு ஓசை அவளுக்குக் கேட்டது. தட், தட். கொஞ்சம் இடைவெளி. மறுபடி தட், தட்.

முயல் பயந்தால் பின்னங்காலால் இப்படித்தான் தட்டும். போன வாரம் சென்னை ஆய்வுக்கூடத்தில் ஊசி போட்டதும் அந்த ஆண் முயல் தட்டிக்கொண்டே இருந்தது. மனசு கேட்காமல் அதை வயிற்றோடு அணைத்துப் பிடித்தவள் இவள்தான். பிறகே அது அடங்கி, படமெடுக்கும் கருவிக்குள் படுத்தது. படம் முடியும்போது உயிர் இல்லை.

கர்ப்பிணி, கதிரியக்கமுள்ள அந்த அறைப் பக்கமே போகக் கூடாது. ஆனால் மூன்று மாதம் முடியும்வரை வெளியே மூச்சு விடக் கூடாதென்று மாமியார் சந்திரம்மாள் கறாராகச் சொல்லியிருந்தாள். இரண்டு கலைந்த பிறகு தங்கிய கரு. எழிலரசியும் ஆய்வுக்கூடத்தில் வாய் திறக்கவில்லை. ஒரு வாரமாக அவளுக்குத் தூக்கமில்லை, பயம்தான்.

"எழிலு, வெளக்கு வெச்சாச்சி. அதையே மொறச்சிக்கினு இருந்தா கண்ணு இன்னாத்துக்கு ஆவும்? பால் கொண்டாரேன், குடி."

"சரி அத்தை. இது மட்டும் முடிச்சிடறேன்."

மூன்றாவதாக ஒரு பெட்டி வரைந்தாள். உள்ளே போகும் அம்பு மட்டும் போட்டாள், திரும்பும் அம்பு இல்லை. வாங்கிக்கொள்ளும், கொடுக்காது. கணக்கு உடனே பொருந்திவிட்டது.

அப்படி ஓர் உறுப்பு ஆண் முயலுக்குக் கிடையாது.

ஒவ்வொரு பெட்டியிலும் எவ்வளவு மருந்து என்று காட்டும் வரைபடக் கோடுகள் எல்லாம் முயல் செத்த நேரத்தோடு முடிந்திருக்க வேண்டும். மூன்றாவது பெட்டியின் கோடு முடியவில்லை. அவள் எதையும் தொடாமலே அது நீண்டது.

தட், தட். கோடு இரண்டு படி ஏறியது.

ஜன்னலைச் சாத்தினாள். சாலை அடங்கியது. தட்டும் ஓசை அடங்கவில்லை. மேசைக்கு அடியில் இல்லை. சுவரில் இல்லை.

கை தானாக வயிற்றுக்குப் போயிற்று.

இல்லை. அசைவு தெரிய இன்னும் நாள் இருக்கிறது.

தட், தட்.

பால் டம்ளரோடு வந்த சந்திரம்மாள் அவள் முகத்தைப் பார்த்துப் பதறி, வயிற்றில் கை வைத்தாள். வைத்த கை அங்கேயே நின்றது. மெல்ல அவள் முகம் மலர்ந்தது.

"அம்மாடி! இப்பவே ஒதைக்குதுடி! ரெண்டு ரெண்டா ஒதைக்குது. எவ்ளோ பலம் பாரேன்!"

எழிலரசி தன் கையைப் பார்த்தாள். விரல்கள் சில்லிட்டு, நகங்கள் வெளுத்துக்கொண்டிருந்தன. மாமியாரின் கைக்கு அடியில் தட், தட்.

திரையில், முயல் செத்ததோடு நின்றிருந்த ரத்தத்தின் கோடும் இப்போது நகர்ந்தது. இரண்டு படி இறங்கியது.