காலையில் மட்டும் முனகும் வண்டி

மத்தியானம் சாவியைத் திருப்பினால் ‘டுர்ர்’ என்று ஒரே நொடியில் கிளம்புகிற வண்டி, காலையில் மட்டும் ஏன் ‘ஊ...ம்... ஊ...ம்...’ என்று முனகுகிறது?

பத்து வயது ஏன்குட்டியின் மண்டையைக் குடைந்த கேள்வி இதுதான். எதைக் கண்டாலும் ‘ஏன்?’ என்று கேட்பதால் அவளுக்கு அந்தப் பெயர்.

அது நடமாடும் நூலக வண்டி. உள்ளே இரண்டு பக்கமும் கூரை வரை புத்தகங்கள். ஓட்டுவது அவளுடைய அம்மா. வெயில் கொளுத்தும் சமவெளியிலிருந்து போன மாதம்தான் வண்டியோடு இந்த மலையூருக்கு மாற்றலாகி வந்திருந்தார்கள். இங்கே ராத்திரி வெளியே வைத்த வாளித் தண்ணீர் விடிவதற்குள் கல்லாக உறைந்துவிடும்.

ஏழு மணிக்குக் கிளம்ப வேண்டிய வண்டி, அந்த வாரம் நான்கு நாள் எட்டரைக்குத்தான் கிளம்பியது. வெள்ளிக்கிழமை நூலக அதிகாரியே வந்துவிட்டார்.

“வண்டிக்கு வயசாயிடுச்சும்மா. திங்கட்கிழமையும் லேட்டானா, பழைய இரும்புக்குத்தான் அனுப்பணும்.”

அம்மாவின் முகம் சுண்டிப்போனது.

பக்கத்துப் பட்டறை மெக்கானிக் ஓடி வந்தார். ஊரில் அவருக்குப் பெயர் பேட்டரி மாமா. எந்த வண்டியைப் பார்த்தாலும் அவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்.

“பேட்டரிதான்க்கா!”

“அதைத்தான் போன வாரமே மாத்திட்டியே, தம்பி!”

“அப்போ புதுப் பேட்டரிக்கும் ஏதோ கோளாறு.”

“ஏன் மாமா, மத்தியானம் ஆனா மட்டும் பேட்டரிக்கு உடம்பு சரியாயிடுமா?” என்றாள் ஏன்குட்டி.

மாமா தலையைச் சொறிந்தார். அத்தனை கவலையிலும் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சனிக்கிழமை காலை ஏன்குட்டி யோசித்தாள். காலைக்கும் மத்தியானத்துக்கும் என்ன வித்தியாசம்? குளிர். சரி, குளிரில் வண்டிக்குள் எது மாறும்?

எஞ்சினில் எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஒரு நீளக் குச்சி உண்டு. அம்மாவிடம் கேட்டு அதை உருவினாள். நுனியில் ஒரு சொட்டு தொங்கியது. எண்ணினாள். அது கீழே விழ இருபத்தேழு ஆனது!

மத்தியானம் மறுபடி எண்ணினாள். மூன்றுக்குள் விழுந்துவிட்டது.

“அம்மா! காலையில நம்ம எஞ்சின் சேத்துக்குள்ள நடக்குதும்மா!”

அவள் சொன்னது சரிதான். எஞ்சினுக்குள் இரும்பும் இரும்பும் ஓயாமல் உரசும். நடுவே எண்ணெய் மெல்லிய படலமாக நின்றால்தான் தேயாது. எண்ணெய் நீர்த்துப்போனால் படலம் அறுந்துவிடும். கெட்டிப்பட்டாலோ, எஞ்சினால் சுற்றவே முடியாது.

அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. “பன்னெண்டு வருஷமா இதே எண்ணெய்தான் ஊத்தறேன். ஒரு நாள் மக்கர் பண்ணினதில்ல. அங்கிருந்து நாலு டப்பா கையோட கொண்டாந்திருக்கேன்!”

“அங்க வெயில்மா. இங்க ஏது?”

“நம்ம வண்டி அடிவாரத்துக்கும் போகுதே! லேசான எண்ணெய் ஊத்தினா அந்த வெயில்ல தண்ணியாயிடும். மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடிங்கற கதைடி நம்ம கதை.”

இது நியாயமான கேள்வி. ஏன்குட்டி வண்டியின் கையேட்டைத் தூசி தட்டி எடுத்தாள். அதில் ஒரு படம். கீழே வெப்பமானியைப் படுக்க வைத்தது போல் டிகிரிகள். மேலே ஒவ்வொரு எண்ணெய்க்கும் ஒரு கோடு. அம்மாவின் டப்பாவில் இருந்த 20W-50 என்ற எண்ணெயின் கோடு, வெயில் பக்கம் கடைசி வரை போயிருந்தது. குளிர்ப் பக்கம் பாதியிலேயே நின்றுவிட்டது. 5W-50 என்ற கோடு மட்டும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நீண்டிருந்தது.

“ஐம்பது டிகிரியா?” என்று பட்டறையிலிருந்து வந்து எட்டிப் பார்த்தார் மாமா.

“டிகிரி இல்ல மாமா. W-க்கு முன்னாடி இருக்கற நம்பர் குளிருக்கு. அது எவ்வளவு சின்னதோ, குளிர்ல அவ்வளவு சுலபமா ஓடும். பின்னாடி நம்பர், சூட்டுல எவ்வளவு கெட்டியா நிக்கும்னு சொல்லுது. அது ரெண்டுலயும் ஐம்பதுதான். அதனால வெயில்ல பயமே இல்ல!”

“படம் ஆயிரம் சொல்லும். கண்ணால பாக்கணும்,” என்றாள் அம்மா.

“பாத்துடலாம்!”

மாமாவிடம் அந்த 5W-50 புது எண்ணெய் கொஞ்சம் வாங்கினாள். இரண்டு டப்பா மூடிகளில் பழையதையும் புதியதையும் ஊற்றிச் சாயங்காலமே ஜன்னலுக்கு வெளியே வைத்தாள். ஞாயிறு விடிந்ததும் ஒரு தட்டைச் சாய்த்து வைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் கவிழ்த்தாள்.

புது எண்ணெய் வழுக்கிக்கொண்டு அடியைத் தொட்டது. பழையதோ விடுமுறை நாளில் எழுப்பிய பிள்ளையைப் போல இருந்த இடத்திலேயே சுருண்டு கிடந்தது.

அம்மா தட்டையே பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள்.

“தம்பி, பழைய எண்ணெய வடிச்சிடு. ஃபில்டரையும் மாத்து. 5W-50 ஊத்து.”

திங்கட்கிழமை. வாளித் தண்ணீர் உறைந்திருந்தது. காதுவரை கம்பளி சுற்றிக்கொண்டு அதிகாரி நின்றார். ஏழு அடிக்க ஐந்து நிமிடம். அம்மா சாவியைத் திருப்பினாள்.

டுர்ர்ர்!

“என்னம்மா, புது எஞ்சினா?”

“அதே எஞ்சின்தான் சார்!” தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள் அம்மா. “என் பொண்ணு சரியான எண்ணெயக் கண்டுபிடிச்சா!”

அந்தக் குளிரிலும் ஏன்குட்டிக்குக் காது மடல்கள் சூடாயின.

வண்டி ஏழு மணிக்குக் கிளம்பியது. அடிவாரத்தின் உச்சி வெயிலிலும் எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் சரியான அளவை விட்டு இறங்கவில்லை.

சாயங்காலம் அம்மா ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, எஞ்சின் மூடியின் உட்பக்கம் ஒட்டினாள்:

‘இந்த வண்டிக்கு 5W-50 எண்ணெய் மட்டும். மலைக் குளிரில் ஓடும், அடிவார வெயிலில் தாங்கும். சோதித்துச் சொன்னவர்: என் மகள்.’