நூறு மில்லி ஆம்பியர்

எதுவும் மாட்டப்படாத வயரில் நூறு மில்லி ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது.

கோஹேய் மீட்டரைக் கழற்றி, வயரைச் சுற்றிக் கவ்வும் அதன் தாடையை மேல்சட்டையில் துடைத்து, மறுபடி மாட்டிப் பார்த்தான். அதே நூறு. வட ஜப்பானின் அகிதாவில் ஜனவரி மாதம் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். கூரையிலிருந்து பனி சரிந்து தொப்பென்று விழும் சத்தமும், உள்ளறையில் அஸ்திக் கலயத்தின் முன் புகைந்துகொண்டிருந்த ஊதுபத்தி வாசனையும், யாரும் குடிக்காமல் ஆறிப்போன மிசோ சூப்பின் வாடையும் நடைவழியில் தேங்கி நிற்க, பிரேக்கர் பெட்டியின் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு அவன் ஸ்டூல்மேல் நின்றிருந்தான். தினமும் சாயங்காலம் இதைத்தான் செய்கிறான். வீட்டிலுள்ள ஒவ்வொரு வயரையும் அளக்கிறான்.

இந்த வயர் துணி துவைக்கும் அறைக்குப் போவது. அங்கே இப்போது மெஷின் இல்லை. தூக்கிக் கொடுத்தாயிற்று.

மனைவி சனாயே செத்து நாற்பத்தெட்டு நாள். ஒரு கை மெஷின்மேல், ஒரு கை குழாயில், ஷாக் பிடித்து அப்படியே நின்றுவிட்டாள். மெஷினின் பின்னால் பச்சை எர்த் வயர், கடையில் சுற்றிய டேப்கூடப் பிரிக்காமல் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தெருவில் பாதி வீட்டில் அது அப்படித்தான் தொங்கும், யாரும் மாட்டுவதில்லை. ஆனால் கோஹேய் இருபது வருஷமாக எலெக்ட்ரீஷியன்.

"ஊருக்கெல்லாம் எர்த் போடுறீங்க. பொண்டாட்டி மெஷினுக்கு மட்டும் நாள் பாக்குறீங்களா?" என்பாள் சனாயே.

"ஞாயித்துக்கிழமை போட்டுடறேன்" என்பான். மூன்று வருஷத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை வரவில்லை.

அவன் அழவில்லை. ஆஸ்பத்திரி நடைவழியில் உட்கார்ந்து, சட்டைப்பை நோட்டில் கணக்குப் போட்டான். ஜப்பான் வீடுகளில் வோல்டேஜ் நூறு. ஈரக் கையோடு ஒரு உடம்பின் தடை, சுமாராக ஆயிரம் ஓம். நூறை ஆயிரத்தால் வகுத்தால் நூறு மில்லி ஆம்பியர். நூறு வோல்ட்டை அதோடு பெருக்கினால் பத்து வாட். பாத்ரூம் பல்புக்குக்கூடக் காணாது. அந்தப் பத்து வாட் போதுமானதாக இருந்தது. அன்று நோட்டை மூடியபோது கை மரத்துப்போயிருந்தது. அப்புறம் அது சரியாகவேயில்லை.

இப்போது அதே கணக்கைத் திருப்பிப் போட்டான். நூறு வோல்ட், நூறு மில்லி ஆம்பியர். தடை ஆயிரம் ஓம்.

செல்போன் அடித்தது. சனாயேயின் அக்கா.

"மாப்பிள்ளை, நாளைக்குப் பத்து மணிக்குக் கோயில்ல இருக்கணும். நாப்பத்தொன்பதாம் நாள், அஸ்தியைக் கல்லறையில வெச்சாகணும். இபுகி குடுக்க மாட்டேன்னு அடம் பிடிக்கிறாளா?"

"இல்லக்கா. அவ பேசுறதே இல்ல."

"நீங்க பேசினாத்தானே அவ பேசுவா. அப்பாவும் பொண்ணும் போட்டி போட்டுக்கிட்டு ஊமையா உக்காந்திருங்க. இவளையாவது பத்திரமாப் பாத்துக்குங்க."

'இவளையாவது' என்ற சொல் எங்காவது குத்தியிருக்க வேண்டும். குத்தவில்லை. சரி என்று சொல்லிப் போனை வைத்தான். உள்ளறையைப் பார்த்தான். ஏழு வயது இபுகி சூடான போர்வை மேஜைக்குள் கால் நீட்டி, வீட்டுப்பாடத்தின்மேல் குனிந்திருந்தாள்.

துவைக்கும் அறையைப் போய்ப் பார்த்தான். பிளக் பாயின்ட் காலி. குழாய் மூடியிருந்தது. தரை மட்டும் ஈரம். மெஷின் நின்ற சதுரத்துக்கு மேலே சுவரில், பச்சை வயர் மாட்ட வேண்டிய திருகு அப்படியே புதுசாக இருந்தது. சோப்பு வாசனை. அவள் போனபிறகு அந்த சோப்பை இந்த வீட்டில் யாரும் வாங்கவில்லை.

திரும்பி வந்து ஸ்டூலில் ஏறினான். நூறு. அவள் போன மறுவாரம் அவனே மாட்டிய புது பிரேக்கர் இது. முப்பது மில்லி ஆம்பியர் கசிந்தாலே தானாக விழுந்து மின்சாரத்தை நிறுத்த வேண்டும். விழவில்லை. மீட்டர் பழுது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். இருபது வருஷமாக வாடிக்கையாளர்களிடம் சொல்லக் கூடாது என்று பழகியிருந்த பொய்.

எண் மாறியது.

ஐம்பது.

நூறு வோல்ட், ஐம்பது மில்லி ஆம்பியர். இரண்டாயிரம் ஓம். தடை சரியாக இரண்டு மடங்கு. ஒரு உடம்போடு இன்னொரு உடம்பு வரிசையில் சேர்ந்தால்தான் அப்படி வரும். கையோடு கை கோர்த்தால்.

உள்ளறையைப் பார்த்தான். பென்சில் இருந்தது. போர்வை விலகியிருந்தது. இபுகி இல்லை.

தண்ணீர் விழும் சத்தம்.

முதலில் மின்சாரத்தை நிறுத்து. ஷாக் பிடித்திருப்பவரைத் தொடாதே. தொழிலில் முதல் பாடம் அது. பிரேக்கரைக் கீழே தள்ளினான். மெயினையும் தள்ளினான். வீடு இருண்டது. மீட்டரின் சின்னத் திரை மட்டும் எரிந்தது.

ஐம்பது.

ஓடினான்.

திறந்த கதவு. ஜன்னலில் பனியின் வெளிச்சம். ஈரத் தரையில் வெறுங்காலோடு இபுகி. ஒரு கை குழாயில். மறு கை பக்கவாட்டில் தோளுக்கு மேல் தூக்கியிருந்தது, பெரியவர் கையைப் பிடித்துத் தெருவைக் கடக்கிற மாதிரி. விரல்கள் எதையோ சுற்றி மடங்கியிருந்தன. அங்கே எதுவும் இல்லை.

"அப்பா" என்றாள். நாற்பத்தெட்டு நாளில் முதல் வார்த்தை. "அம்மா கை ஈரமா இருக்கு."

"விடு, இபுகி. கையை விடு."

"நாளைக்குக் கொண்டுபோயிடுவீங்கல்ல. அதான் பிடிச்சிருக்கேன்." அவள் பற்கள் தந்தியடித்தன. உதடு நீலம். "அம்மாவும் விடல."

தொடக் கூடாது. தெரியும். இவளையாவது.

குழாயிலிருந்த அவள் கையைப் பற்றி இழுத்தான். அது வந்தது. கூடவே அவன் கால் ஈரத்தில் வழுக்கியது. விழாமலிருக்க எதையோ பிடித்தான். பிடித்த பிறகுதான் அது குழாய் என்று தெரிந்தது.

மரத்துக் கிடந்த கைக்கு அப்போது உணர்வு வந்தது. மகளின் சின்ன விரல்கள். அவற்றுக்கு அப்பால், அவள் உடம்பு வழியாக, இன்னொரு பிடி. அவனுக்கு நன்றாகத் தெரிந்த பிடி. மூன்று வருஷ ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் சேர்த்து இறுக்கியது.

இபுகியை விடப் பார்த்தான். விரல் திறக்கவில்லை. குழாயை விடப் பார்த்தான். அதுவும் திறக்கவில்லை.

நடைவழிக் கோடியில், இருட்டுக்குள், மீட்டரின் திரை தெரிந்தது.

முப்பத்துமூன்று.