ஆலமரத்தில் கட்டிய பை

புடவையில் ஈரம். மதியத் தூக்கம் கலைந்த நர்மதா, ரத்தமோ என்றுதான் முதலில் பயந்தாள். இரண்டு பிள்ளைகள் அவளுக்கு அப்படித்தான், தூக்கத்திலேயே கலைந்து போயிருந்தன. தொட்டுப் பார்த்தாள். ரத்தமில்லை. மார்பிலிருந்து கசிந்ததும் இல்லை. ஏழு மாத வயிற்றின் மேட்டில், தொப்புளுக்கு இருபுறமும், வரிசையாகச் சின்னச் சின்ன வட்டங்கள். விரலை மோந்தாள். காய்ச்சாத பாலின் வாடை.

வாசற்படியில் பட்டாணி உட்கார்ந்திருந்தது. தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் புனலுக்குள்ளிருந்து அந்தப் பூனை அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது.

போன வாரம்தான் அதற்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆகியிருந்தது. பிள்ளை பிறக்கும் நேரத்தில் வீடெல்லாம் பூனைக்குட்டிகள் வேண்டாம் என்று பிடிவாதமாகச் சொன்னவள் நர்மதாதான். அவள் கணவன் மோகன்ராஜ் கூடையில் போட்டுத் திருவள்ளூருக்குத் தூக்கிப் போனான். கிளினிக்கிலிருந்து போன் செய்தான்.

"டாக்டர் வயித்தைத் தெறந்துட்டாரு. உள்ள குட்டிங்க கீதாம். அப்படியே தெச்சுடவா, இல்ல கர்ப்பப்பையோட எடுத்துடவான்னு கேக்கறாரு."

"உசுரு இருக்குதாமா?"

"இருக்குதாம். இன்னா சொல்றது?"

அந்த நேரம் பார்த்து அவள் குழந்தை உள்ளே ஓர் உதை விட்டது. நர்மதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்: "எடுத்துடச் சொல்லுங்க."

எடுத்ததை ஒரு மஞ்சள் பையில் போட்டு, எங்காவது புதைத்துவிடச் சொல்லிக் கொடுத்தார்கள். மோகன்ராஜ் புதைக்கவில்லை. கவரைப்பேட்டைப் பக்கம் மாடு கன்று உள்ள வீட்டில் வளர்ந்தவன். மாடு கன்று போட்டதும் நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றி, பால் வடியும் ஆலமரத்தில் கட்டிவிட்டு வருவது சின்ன வயதில் அவன் வேலை. காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் சுவரை ஒட்டி, அவர்கள் வாடகை வீட்டுக்குப் பின்னாலும் ஓர் ஆலமரம் நின்றது.

"பொதைக்கத்தான் போனேன். மரத்தைப் பாத்ததும் கை தானா கட்டிடுச்சி," என்றான் அன்று இரவு. "அப்படிக் கட்டினாதான் எங்க ஊட்டு மாட்டுக்குப் பால் நல்லா ஊறும்."

"குட்டியே இல்லாத பூனைக்குப் பால் எதுக்குங்க?"

இருவரும் சிரித்தார்கள். வழக்கம்போல அவள் வயிற்றில் காது வைத்துப் படுத்துக்கொண்டான்.

பால் ஊறியது. பட்டாணியின் மழித்த வயிற்றில், தையலுக்கு இருபுறமும் காம்புகள் சிவந்து புடைத்தன. வீட்டுக்காரம்மா கெங்கம்மாள்தான் முதலில் கவனித்தாள்.

"இன்னாடி, பால் கட்டிக்கினு கீது. குட்டிங்க எங்க?"

"ஆபரேஷன் பண்ணிட்டோம்கா."

"அது உனக்குத் தெரியும். அதுக்கு யாரு சொன்னாங்க? தேடிக்கினே கெடக்கும் பாரு."

தேடியது. பீரோவுக்கு அடியில், அரிசி டிரம்முக்குப் பின்னால், பிறக்கப்போகும் குழந்தைக்குத் துவைத்து மடித்த துணிகளுக்குள். அடித்தொண்டையில் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தேடியது.

நேற்றோடு தேடுவதை நிறுத்திவிட்டது.

அது தன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருப்பதில் பயந்துபோய், நர்மதா இன்று காலை அந்தப் பையை அவிழ்த்துவிட்டு வரச் சொன்னாள். போன மோகன்ராஜ் வெறுங்கையோடு திரும்பினான்.

"நான் போட்ட முடிச்சு அப்படியே கீது. பையில ஒரு கிழிசல் இல்ல. உள்ளதான் ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லன்னா?"

"எறும்பு இழுத்துக்கினு போயிருக்கும். நீ போட்டு மனசைக் கொழப்பிக்காத." ஷிப்டுக்குக் கிளம்பும்போது அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஈரப் புடவையைப் பிடித்தபடி நர்மதா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். எஸ்டேட்டின் இரும்படிக்கும் சம்மட்டி மெஷின் தரை வழியாக இடித்தது. ஒவ்வொரு இடிக்கும் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கியது. கருகிய எண்ணெய் வாடையும் மழைக்கு முந்திய மண் வாடையும் திரைச்சீலையைத் தள்ளிக்கொண்டு வந்தன. அப்போதுதான் உறைத்தது. காலையிலிருந்து குழந்தை அசையவே இல்லை.

சர்க்கரைத் தண்ணீர் குடித்தாள். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தாள். உள்ளங்கையால் தட்டினாள். "கண்ணு, அம்மாடா. ஒரே ஒரு உதை."

அசைவில்லை.

கணவனுக்குப் போன் போட்டாள். கம்பெனி கேட்டிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. "கெங்கம்மாக்கா" என்று கூப்பிட்டாள். மாடியில் டி.வி. சத்தம்தான் கேட்டது.

கரண்ட் போனது.

மின்விசிறி நின்றது. டி.வி. நின்றது. சம்மட்டி நின்றது. மழைமேகம் மூடிய சாயங்காலம் அறைக்குள் வந்து உட்கார்ந்தது. அந்த அமைதியில், தரையில் பிளாஸ்டிக் உரசும் ஒலி. சர். நிற்கும். சர். இன்னும் பக்கத்தில். பிறகு புனல் கழன்று உருளும் ஒலி.

கட்டில் லேசாக அமிழ்ந்தது.

எழ நினைத்தாள். வயிற்றின் பாரம் விடவில்லை. பட்டாணி அவசரப்படவில்லை. மூக்கால் புடவையை விலக்கியது. வயிற்று மேட்டை அணைத்தாற்போல் நீளமாகப் படுத்தது. தையல் முடிச்சுகள் தோலில் குத்தின. சூடான காம்புகள் ஒவ்வொன்றாக அழுந்தின. தொண்டைக்குள் கர்ர் கர்ரென்று உறுமத் தொடங்கியது, மெதுவாக, நிம்மதியாக.

குழந்தை அசைந்தது.

"என் தங்கமே." நர்மதாவின் கண்ணில் நீர் வழிந்தது. இருக்கிறது. உயிர் இருக்கிறது.

மறுபடி அசைந்தது. உதை இல்லை. சின்னதாக ஓர் அழுத்தம். விட்டது. பக்கத்தில் இன்னொன்று. விட்டது. இடது. வலது. இடது. வலது. பால் குடிக்கும் குட்டிகள் தாயின் மடியைப் பிசைவது போல.

ஒரு காம்புக்கு நேராக மட்டும் இல்லை. எல்லாக் காம்புக்கும் நேராக.

அழுத்தம் கூடியது. பிறகு நகம். உள்ளிருந்து. ஊசி முனை ஊசி முனையாக.

கத்த வாய் திறந்தாள். பட்டாணி நிமிர்ந்து, கண்களைச் செருகிக்கொண்டு, சொரசொரத்த நாக்கால் அவள் வயிற்றை நக்கத் தொடங்கியது. நாக்கு போன இடமெல்லாம் தோல் குட்டிக் குட்டி மேடுகளாக எழும்பி, பாலைத் தேடி நகர்ந்தது.