எதிரிக் கப்பலின் வயிறு

மூக்கண்டப்பள்ளிக்கு வெளியே, அந்தப் பழைய பட்டுக் கொட்டகையின் வாசலில் மாட்டுவண்டி நின்றதும் பவுலினா செய்த முதல் காரியம், முந்தானையை மூக்கில் வைத்து அழுத்திக்கொண்டதுதான்.

"ஏங்க, என்னமோ செத்துக் கெடக்குது."

"செத்தது ஒண்ணுமில்ல பவுலி. பட்டுக்கூட்ட அவிச்சு நூல் இழுத்த எடம். மூடி ரொம்ப நாளாச்சாம். போகப் போகப் பழகிடும்" என்றான் அவள் புருஷன் அருள்ஜோசப்.

பழகவில்லை. கொப்பரையில் வெந்த புழுக்களின் நாற்றம் செங்கல்லுக்குள் ஊறிக் கிடந்தது. சுவரைத் தொட்டால் பிசுக்கு. சோற்றில் அந்த வாடை, தலையணையில் அந்த வாடை. மழை பிடித்துக்கொண்டால் தரையே வியர்த்து, நடந்தால் உள்ளங்கால் ஒட்டி ஒட்டிப் பிரிந்தது.

சந்திரனுக்கு மனுஷன் போகப்போகிறான் என்று ரேடியோ அலறிக்கொண்டிருந்த சமயம் அது. பொருட்காட்சி காண்ட்ராக்டர் ஆஞ்சப்பன் அந்தச் சூட்டோடு சூடாக ஒரு விளையாட்டுப் பெட்டி செய்ய ஆசைப்பட்டார். காசு போட்டால் கண்ணாடிக்குப் பின்னால் விண்வெளிக் கப்பல்கள் சங்கிலியில் ஊர்ந்து வரும். விசையை அழுத்திச் சுட வேண்டும். பட்டால் மணி அடிக்கும். தசராவுக்குள் தயாராக வேண்டும் என்றுதான் அருள்ஜோசப்பை இந்தக் கொட்டகையில் குடிவைத்தார். அவன் களிமண்ணில் உருவம் பிடித்துக் கொடுத்தால், பெங்களூரில் தகரத்தில் அடித்துவிடுவார்கள்.

'நம்ம' கப்பல் சட்டென்று அமைந்துவிட்டது. மீன்கொத்தியின் அலகு போல நீண்ட மூக்கு, பின்னோக்கி மடங்கிய இறக்கை. எதிரிக் கப்பலில்தான் இழுபறி.

"இதென்னப்பா ஜோசப்பு, தோசக்கல்லு மாதிரி?" என்றார் ஆஞ்சப்பன். அடுத்ததைப் பார்த்து, "இது சுருட்டு. பத்த வெச்சுத் தரட்டுமா?"

"எப்பிடித்தான் வேணும்ணே ஒங்களுக்கு?"

"நம்ம கப்பலப் பாத்தா ஏறிக் குந்தணும்னு தோணணும். எதிரி கப்பலப் பாத்தா கொமட்டணும்! செருப்ப எடுத்து நசுக்கத் தோணுமில்ல, அந்த மாதிரி. அப்பத்தான் மறுக்கா மறுக்கா சுடுவான்."

கொண்டுவந்த களிமண்ணும் தீர்ந்துபோனது. கொட்டகைக்குப் பின்னால், எருக்கஞ்செடி மண்டிய ஒரு குழி இருந்தது. தோண்டிப் பார்த்தான். கன்னங்கரேலென்று, வெண்ணெய் போல வழவழத்த மண். உருட்டினால் ஒரு வெடிப்புக்கூட விழவில்லை. கூடை கூடையாக அள்ளி வந்தான்.

அந்த மண்ணில் கை வைத்ததும் உருவம் தானாக வந்தது.

பருத்த வயிறு. அதைச் சுற்றி வளையம் வளையமாக மடிப்பு. நெஞ்சின்மேல் கவிழ்ந்த மொட்டைத் தலை. கண் இல்லை. அடியில் ஒட்டி மடங்கிய குட்டிக் கால்கள்.

ஆஞ்சப்பன் ஈரத்துணியை விலக்கினார். அப்படியே வாசலுக்கு ஓடிக் காறித் துப்பினார். திரும்பியபோது முகமெல்லாம் சிரிப்பு.

"தூ! இதுதாண்டா கப்பலு! வரிசையாப் பண்ணித் தள்ளு."

பண்ணினான். ஜன்னலோரம் காயவைத்தான். விடிந்து பார்த்தால், ஒன்றின் வயிறு பாதியைக் காணோம்.

எலி என்று பொறி வைத்தான். பொறி காலியாகவே கிடந்தது. இன்னொரு கப்பலுக்கும் வயிறு போயிருந்தது. குனிந்து பார்த்தான்.

ஈர மண்ணில் மனிதப் பற்கள் பதிந்திருந்தன.

பட்டப்பகல். மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. உள்ளறையிலிருந்து ஒரு சத்தம்.

சப்... சப்...

வேகாத கறியை மெல்லுவது போல.

பவுலினா மூலையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். நாலு மாசக் கர்ப்பிணி. கடைவாயில் கறுத்த எச்சில் வழிந்து தாலிக்கயிற்றை நனைத்திருந்தது.

"துப்புடீ! துப்பு!"

"மசக்கைல எங்கம்மாகூடத்தான் சாம்பல் தின்னுச்சு" என்று வெட்கத்தோடு சிரித்தாள். பல்லிடுக்கெல்லாம் கறுப்பு. "கொஞ்சமாத்தாங்க. வாசம் வந்தா நாக்கு ஊறுது."

அவன் போட்ட சத்தத்தில், பால் ஊற்ற வந்த சென்னம்மா உள்ளே எட்டிப் பார்த்தாள். அவள் பார்வை ஜன்னலோரக் கப்பல்களில் நிலைத்தது.

"சாமி, இந்த மண்ணு எங்க எடுத்த?"

"பின்னாடி குழில."

"அய்யோ! அவிச்ச புழுவெல்லாம் அதுலதானே கொட்டுவாங்க!" அவள் குரல் இறங்கியது. "புழு மட்டுமில்ல சாமி. இங்க நூல் இழுத்துக்கினு இருந்தா சரசம்மான்னு ஒருத்தி. மயக்கம் வந்து கொதிக்கிற கொப்பரைல உழுந்துட்டா. போலீசு வரும்னு மொதலாளி அவளையும் அதுலயே போட்டு மூடிட்டான்."

"மயக்கம் ஏன்?"

"நெறமாசம் அவளுக்கு."

அருள்ஜோசப் கப்பல்களைத் திரும்பிப் பார்த்தான். கவிழ்ந்த தலை. மடங்கிய கால்கள். பெட்டியில் சுட்டு நசுக்குவதற்காகத் தான் இத்தனை நாளும் எதைப் பிடித்துப் பிடித்து வைத்தோம் என்று அவனுக்குப் புரிந்தது.

அவற்றை வாளியில் அள்ளினான். நாள் கணக்கில் காய்ந்தவை, கையில் வெதுவெதுவென்றிருந்தன. குழியில் கொட்டி, மண்ணைத் தள்ளி மூடினான். உள்ளே சென்னம்மா பவுலினாவின் வாயில் உப்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"வேணாங்க" என்று முனகினாள் பவுலினா. "அதுக்குப் பசிக்கும்."

"யாருக்கு?"

குமட்டிக் குமட்டி வாந்தியெடுத்தாள். கறுப்புக் கூழாகச் சட்டி நிறைந்தது. கடைசியில் தெளிந்த தண்ணீர் வந்தது.

"எல்லாம் வந்துருச்சு" என்று பெருமூச்சு விட்டாள் சென்னம்மா. "கூட்டிக்கினு போயிரு சாமி. திரும்பிப் பாக்காத."

தசராவாவது, ஆஞ்சப்பனாவது! பெண்டாட்டியும் பிள்ளையும் பிழைத்தால் போதும். அடுத்த பஸ்ஸிலேயே கிருஷ்ணகிரிக்கு, மாமியார் வீட்டுக்குக் கிளம்பிவிட்டான்.

சூளகிரி தாண்டியதும் வெயில் சுள்ளென்று அடித்தது. பவுலினா அவன் தோளில் சாய்ந்து தூங்கினாள். முகத்தில் பழைய களை திரும்பியிருந்தது. அருள்ஜோசப் மாதாவுக்கு மனசுக்குள் நன்றி சொன்னான்.

அவள் லேசாக இருமினாள்.

உதட்டோரம் ஏதோ மின்னியது. தலைமுடி என்று நினைத்து விரலால் எடுத்தான். வரவில்லை. இழுத்தான். ஒரு சாண் வந்தது. இன்னும் இழுத்தான். ஒரு முழம். மஞ்சள் நிறத்தில், ஈரமாய், விரலைச் சுடும் சூட்டில் பட்டு நூல்.

வெந்த புழுவின் நாற்றம் அவன் முகத்தில் அடித்தது.

பதறிப்போய் விட்டுவிட்டான்.

நூல் அவள் உதட்டுக்குள் திரும்பிப் போகத் தொடங்கியது. நிதானமாக, அறுந்துவிடாமல், தொழில் தெரிந்த கை ஒன்று உள்ளிருந்து இழுப்பது போல.